சோபாவைக் கவிழ்த்துப் பாருங்கள்

‘பிரெஞ்சுக்காரன் காலத்துச் சோபா’ என்று சொல்லிவிட்டால் போதும், பழைய மரச்சாமானுக்கு விலை ஏறிவிடுகிறது. புதுச்சேரி, ஆரோவில் பக்கத்துப் பழம்பொருள் கடைகளில் இந்தச் சொல்லுக்குத் தனி மவுசு. காரைக்காலில் அது எதைக் குறிக்கும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தால் சிரிப்புதான் வரும். 1739-ல் தஞ்சை மராட்டிய அரசரிடமிருந்து பிரெஞ்சுக்காரர்கள் பெற்ற ஊர் இது. நடுவில் ஆங்கிலேயர் பலமுறை பறித்துக்கொண்டு, கடைசியாக 1817-ல் திருப்பிக் கொடுத்தார்கள். 1954 நவம்பர் 1 அன்று நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. ஆக, 1953-ல் காரைக்காலைச் சேர்ந்த நெடுங்காட்டு ஆசாரி ஒருவர் வேப்ப மரத்தில் அடித்துக் கொடுத்த பெஞ்சு இருந்தால், அதுவும் பிரெஞ்சுக்காரன் காலத்து பெஞ்சுதான். அப்படிச் சொல்லி விற்பது பொய்யில்லை. ஆனால் அந்த ஒரு சொல்லுக்காக இரட்டை விலை கொடுக்கிறவரை என்ன சொல்வது?

பழைய சோபா வாங்க வருகிறவர் பெரும்பாலும் கதையைத்தான் வாங்குகிறார். ‘சைகோனிலிருந்து வந்தது’, ‘ரஜூலா கப்பலில் ஏறி நாகப்பட்டினத்தில் இறங்கியது’ என்பவை இந்தக் கரையில் எடுபடும் கதைகள். காரைக்கால்காரர்கள் இந்தோசீனாவுக்கு வேலைக்கும் வியாபாரத்துக்கும் போனது உண்மை. ரஜூலா சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று பல்லாண்டுகள் ஓடியதும் உண்மை. ஊருக்கு வரலாறு இருக்கிறது என்பதால் கடையில் கிடக்கும் சோபாவுக்கும் அது இருந்தாக வேண்டும் என்பதில்லை. மறுபக்கத்தில், அந்தச் சோபாவை முதலில் விற்ற குடும்பமோ வீட்டை இடிக்கும் அவசரத்தில் சன்னல் கம்பியோடும் ஓட்டை அண்டாவோடும் சேர்த்து மொத்தமாக ஒரு தொகைக்கு லாரியில் ஏற்றிவிட்டிருக்கும். வாங்கியவரும் சரி, விற்றவரும் சரி, சோபாவை ஒருமுறை கவிழ்த்து அதன் அடியைப் பார்க்கவில்லை.

முதலில் தோல் சோபா விவகாரத்தை முடித்துவிடலாம். காரைக்காலுக்குத் தோல் சோபா ஒத்துவராது. ஒரு பக்கம் கடல், ஊரை ஒட்டி அரசலாறு, ஐப்பசி கார்த்திகையில் விடாத மழை. இந்த ஈரத்தில் தோலில் பூசணம் பிடிக்கும், ஓரத்தில் அடித்த பித்தளை ஆணிகளில் பச்சைக் களிம்பு ஏறும். சித்திரை வெயிலிலோ உட்கார்ந்தவரின் முதுகு ஒட்டிக்கொள்ளும். தோல் மெத்தை குளிர்நாட்டுக்காரர்களின் வசதி. இங்கே அது வெள்ளைக்காரர்களின் கிளப்புகளுக்கும் மலைத்தோட்டத்துப் பங்களாக்களுக்கும் பொருந்தியது. ஊட்டியில் அதை வைத்துக்கொள்பவரை யாரும் குறை சொல்ல முடியாது. டெல்டாவின் பழைய வீடுகளில் இருந்தவை பிரம்பு பின்னிய சோபா, சாய்வு நாற்காலி, ஊஞ்சல், திண்ணை. காற்று புகுந்து வெளியேறும் ஆசனங்கள்.

அதனால் ‘காரைக்கால் வீட்டில் எடுத்த நூறு வருஷத் தோல் சோபா’ என்று எவராவது காட்டினால் சந்தேகப்படுவதே முறை. தொட்டுப் பார்த்தால் அநேகமாக அது ரெக்ஸின். துணியின் மேல் பூச்சு ஏற்றிய சரக்கு. உண்மைத் தோலின் உள்பக்கம் பஞ்சுபோல் நார் நாராக இருக்கும், ரெக்ஸினின் உள்பக்கத்தில் நெய்த துணி தெரியும். மெத்தை ஓரத்தில் ஓர் ஆணியைக் கழற்றிக் காட்டச் சொன்னால் அரை நிமிடத்தில் விடை கிடைத்துவிடும். காட்ட மறுக்கும் கடைக்காரரின் மறுப்பும் ஒரு விடைதான். இப்போது இன்னொரு வகையும் சந்தைக்கு வந்திருக்கிறது. தோல் துணுக்குகளை அரைத்து, பசையோடு பிளாஸ்டிக் பூச்சும் சேர்த்து அழுத்திய தகடு. அதை ‘லெதர்’ என்று சொல்லி விற்பதைத் தடுப்பார் இல்லை. சில வருடங்களில் அது செதில் செதிலாக உரிந்து சட்டையில் ஒட்டும்.

தோலுக்குப் பேர்போன மாநிலத்தின் நடுவில் உட்கார்ந்துகொண்டு தோல் வேண்டாம் என்று சொல்வது விசித்திரமாகப் படலாம். ஆவாரம் பட்டையும் கடுக்காயும் கொண்டு பதனிட்ட தமிழ்நாட்டுத் தோலுக்கு ‘ஈஸ்ட் இந்தியா லெதர்’ என்ற பெயரில் புவிசார் குறியீடே இருக்கிறது. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை, திண்டுக்கல் எல்லாம் தோலால் எழுந்த ஊர்கள். சென்னை அடையாறில் 1948-லேயே மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் வந்துவிட்டது. ஆனால் அந்தத் தோல் பெரும்பாலும் கப்பலேறிப் போய் வெளிநாட்டில் செருப்பாகவும் பையாகவும் ஆனது. நம் கூடத்துச் சோபாவில் அது ஏறாததற்குக் காரணம் ஏழ்மை மட்டுமல்ல, ஊரின் வெப்பம் தெரிந்த புத்தியும்தான்.

இனி மரம். சோபாவின் மதிப்பில் பெரும்பங்கு இதில்தான் இருக்கிறது, ஏமாற்று நடப்பதும் இங்கேதான்.

1885-ல் மேல் பர்மாவும் ஆங்கிலேயர் கைக்குப் போன பிறகு பர்மா தேக்கு இந்தக் கரைக்குத் தாராளமாக வந்தது. செட்டிநாட்டு வீடுகளின் தூண்கள் அதற்குச் சாட்சி. 2014 ஏப்ரலில் மியான்மர் அரசு உருட்டு மர ஏற்றுமதியைத் தடை செய்தது. ஆகவே இன்று பழைய வீடுகள்தாம் பர்மா தேக்கின் சுரங்கம். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்குப் போனால் அந்தச் சுரங்கத்தின் வாசலைப் பார்க்கலாம். கதவு, தூண், நிலை, உத்தரம் என்று எல்லாம் தனித்தனியாகக் கழன்று வந்து நிற்கும். அந்த உத்தரத்தை அறுத்துச் சோபா செய்தால் மரம் பழையது, சோபா புதியது. அதைச் சொல்லி விற்றால் அதில் குற்றமே இல்லை, நல்ல பொருளும்கூட. சொல்லாமல் விற்றால் மோசடி. பழைய மரத்தில் செய்த புதுச் சோபாவை அதன் தேவையற்ற துளைகள் காட்டிக்கொடுக்கும். உத்தரத்துக்கு அடித்த ஆணியின் துளைக்கு, சோபாவின் கையில் என்ன வேலை? அந்த இடத்தில் மக்கு அடைத்துப் பாலிஷ் போட்டிருப்பார்கள். அதைத் தேடிப் பார்க்க வேண்டும்.

கவிழ்த்துப் பார்த்தால் வேறு பல சங்கதிகளும் தெரியும். பழைய ஆசாரி வேலையில் ஒரு சட்டத்தின் முனையை இன்னொன்றின் துளைக்குள் இறக்கி, குறுக்கே மர ஆணி அடித்திருப்பார்கள். நட்சத்திரத் தலை கொண்ட திருகாணி இருந்தால், அந்த இணைப்பு 1930-களுக்கு முந்தையதாக இருக்க வாய்ப்பில்லை. அந்த வகைத் திருகாணி அமெரிக்காவிலேயே அப்போதுதான் சந்தைக்கு வந்தது. மெத்தைக்குள் சுருள்வில் இருந்தால் 18-ஆம் நூற்றாண்டு என்ற பேச்சுக்கே இடமில்லை. தேங்காய் நாரும் சாக்கும் இருந்தால் நம்பிக்கை கொஞ்சம் கூடலாம். ரப்பர் நுரை, அதாவது ஊரார் ‘டன்லப்’ என்று சொல்வது, 1929 வாக்கில் வந்த கண்டுபிடிப்பு. மெத்தையை மட்டும் பின்னாளில் மாற்றியிருக்கலாம் என்று கடைக்காரர் சொல்வார். அது நியாயமான பதில்தான், அதனால்தான் மெத்தையைவிட மூட்டுகளைப் பார்ப்பது மேல்.

பாலிஷையும் சோதிக்கலாம். பழைய முறை அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துத் துணியால் தேய்த்துத் தேய்த்து ஏற்றுவது. பஞ்சில் ஒரு துளி ஸ்பிரிட் தொட்டு, கண்ணுக்குத் தெரியாத ஓர் அடிப்பகுதியில் தடவினால் அரக்குப் பாலிஷ் இளகிப் பிசுபிசுக்கும். இக்காலச் செயற்கைப் பூச்சான மெலமைன் அசையாது. மெலமைன் இருந்தால் சோபா போலி என்று தீர்ப்பெழுத வேண்டாம். பழைய மேற்பரப்பு சுரண்டப்பட்டுவிட்டது என்று மட்டும் தெரிந்துகொள்ளலாம், விலையையும் அதற்கேற்பக் குறைக்கலாம். கால்களின் அடியில் கரையான் அரித்திருக்கிறதா, துளைகளிலிருந்து மாவு மாதிரித் தூள் கொட்டுகிறதா என்பவை கடைசிச் சோதனைகள். கருத்த பழைய துளை இறந்தகாலம். வெளுத்த புதுத் தூள் கொட்டினால் உளு இன்னும் உயிரோடு உள்ளே இருக்கிறது, வீட்டிலுள்ள மற்ற மரங்களுக்கும் அது வரும்.

தேக்கு மோகத்தில் ஊர் மரங்களுக்கு மதிப்பில்லாமல் போனது ஒரு பெரிய நட்டம். பூவரசு, வாகை, பலா, வேம்பு எல்லாம் டெல்டாவில் வீட்டுக் கொல்லையிலேயே வளர்ந்து சாமானாக மாறியவை. பூவரசங்கட்டையில் செய்த சட்டமும் பிரம்பு இருக்கையும் கொண்ட அறுபது வருடத்துச் சோபா, ‘பிரெஞ்சு’ முத்திரை இல்லாததாலேயே மலிவாகக் கிடைக்கிறது. காரைக்காலில் வாங்கத் தகுந்தது அதுதான். 2018 நவம்பரில் கஜா புயல் சாய்த்த மரங்களை எண்ணினால், இனி அப்படியொரு முதிர்ந்த மரம் கிடைக்க எத்தனை காலம் ஆகும் என்பது விளங்கும்.

பிரம்பு பின்ன ஆள் கிடைப்பதில்லை என்பது இதில் உள்ள ஒரே சங்கடம். ஒரு காலத்தில் அரசு அலுவலக நாற்காலிகளுக்குப் பிரம்பு பின்னும் வேலை பார்வையற்றோர் பலருக்குப் பிழைப்பாக இருந்தது. முதலில் பிளாஸ்டிக் வயர் வந்தது, பிறகு வார்த்தெடுத்த பிளாஸ்டிக் நாற்காலி வந்து கதையை முடித்தது.

கதையை வாங்கி ஏமாறுவது இன்றைய நோய் இல்லை. 17-ஆம் நூற்றாண்டில் சோழமண்டலக் கரையில் ஐரோப்பியர்களுக்காகக் கருங்காலி மரத்தில் பூவேலை செய்த நாற்காலிகளும் நீள் ஆசனங்களும் செய்யப்பட்டன. காரைக்காலுக்குத் தெற்கே, கூப்பிடு தூரம் என்று சொல்லத்தக்க நாகப்பட்டினம் 1658 முதல் 1781 வரை டச்சுக்காரர்களிடம் இருந்தது. இந்தக் கரையின் வேலைப்பாடு அவர்கள் வழியாகவும் மேற்கே போனது. அவற்றில் சில இங்கிலாந்துப் பிரபுக்களின் வீடுகளுக்குள் போய், எங்கிருந்து வந்தன என்பதே மறந்துபோயிற்று. 1760-களில் எழுத்தாளர் ஹொரேஸ் வால்போல் அப்படிப்பட்ட கருங்காலி நாற்காலிகளை வாங்கி, லண்டனுக்கு அருகே ஸ்ட்ராபெரி ஹில் என்ற தன் மாளிகையில் பெருமையாக வைத்தார். அவை டியூடர் மன்னர்கள் காலத்து அசல் ஆங்கில வேலை என்பது அவருடைய உறுதியான நம்பிக்கை. எட்டாம் ஹென்றியின் அமைச்சர் கார்டினல் உல்சியின் வீடு என்று அறியப்பட்ட இடத்தில் அதேபோல் நாற்காலிகளைப் பார்த்திருந்தார் என்பதுதான் ஆதாரம். அவர் பேச்சை நம்பிப் பல ஆங்கிலேயர்கள் ‘டியூடர்’ அறைகள் அமைத்தார்கள். படித்தவர், ரசிகர், பணக்காரர். அவருக்கே தமிழ்க் கரையின் ஆசாரி கைவேலைக்கும் எட்டாம் ஹென்றியின் அரசவைக்கும் வித்தியாசம் தெரியவில்லை. காரைக்கால் கடையில் ‘பிரெஞ்சுச் சோபா’ வாங்கி ஏமாறுபவர் வெட்கப்படத் தேவையில்லை.

விற்பவர் தரப்பு அறியாமைக்குச் சண்டிகர் போதும். 1950-களில் அந்த நகரத்தின் அலுவலகங்களுக்காகக் கட்டடக் கலைஞர் பியர் ஜென்னரேயின் குழு வடிவமைத்த தேக்கு, பிரம்பு நாற்காலிகளும் தோல் வைத்த இருக்கைகளும் உடைந்ததும் மொட்டை மாடியில் குவிக்கப்பட்டு, கழிவாக ஏலம் போயின. ஏலத்தில் எடுத்தவர்கள் செப்பனிட்டு வெளிநாட்டுக்கு அனுப்ப, பாரிஸ், லண்டன், நியூயார்க் ஏலக்கூடங்களில் ஒவ்வொன்றும் லட்சக்கணக்கான ரூபாய்க்குப் போயிற்று. 2011-ல்தான் மத்திய உள்துறை அமைச்சகம் விற்பனையைத் தடுத்தது. அதன் பிறகு எண்ணிப் பார்த்ததில் 12,000-க்கும் மேற்பட்ட சாமான்கள் எஞ்சியிருந்தன. ஏற்கெனவே போனவற்றை மீட்கச் சட்டத்தில் வழியில்லை. 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி நூறு ஆண்டு நிறைந்தால்தான் மரச்சாமான் தொல்பொருள். அதற்குத்தான் ஏற்றுமதித் தடை உண்டு, விற்பவருக்கு உரிமம் வேண்டும்.

புதுச்சேரியிலேயே இதற்கு நேர்மாறான உதாரணமும் உண்டு. அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்டா விடுதி 1930-களின் பிற்பகுதியில் கட்டத் தொடங்கப்பட்டது. கட்டடக் கலைஞர் அந்தோனின் ரேமண்டின் வடிவம் அது. அங்கே இருந்து வேலை பார்த்த ஜார்ஜ் நகாஷிமா பின்னாளில் அமெரிக்காவின் புகழ்பெற்ற மரவேலைக் கலைஞரானார். அந்தக் கட்டடத்துக்கென்றே செய்த தேக்குச் சாமான்களை ஆசிரமத்தார் தினமும் துடைத்துப் புழங்கியே காப்பாற்றிவிட்டார்கள். அதே ஊரில் அரசின் பொறுப்பில் இருந்த பழைய மேரி (நகர்மன்ற) கட்டடம் 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்ததும் நடந்தது.

காரைக்காலின் அரசு அலுவலகங்கள், நீதிமன்றம், பள்ளிகள், கோயில், தேவாலய, பள்ளிவாசல் நிர்வாகங்கள் ஆகியவற்றிடம் உள்ள பழைய மேசை, நாற்காலி, சோபாக்களுக்குப் படத்துடன் ஒரு பதிவேடு தயாரிப்பதற்குப் பெரிய நிதி ஒன்றும் தேவையில்லை. ஒவ்வொன்றையும் கவிழ்த்து, அடிப்பக்கத்துக்கும் ஒரு படம் எடுத்து, எண் போட்டு, என்ன மரம் என்று ஓர் ஆசாரியைக் கேட்டு எழுதினால் போதும். கழிவு ஏலத்துக்கு அனுப்பும் முன் அந்தப் பதிவேட்டைப் பார்க்க வேண்டும் என்று மாவட்ட ஆட்சியர் ஓர் உத்தரவு போடலாம். 1930-களில் செய்த சாமான்கள் 2030-களில் நூறைத் தொடப்போகின்றன. வயதை மெய்ப்பிக்கக் காகிதம் இல்லையென்றால் சட்டம் இருந்தும் பயனில்லை.

வீட்டுச் சாமானை விற்கிறவர்களும் லாரி வருவதற்கு முன் இதையே செய்துகொள்ளலாம். வாங்குகிறவர்கள், ‘பழைய சோபா ஒன்று’ என்று எழுதிய துண்டுச்சீட்டை ஏற்காமல், மரத்தின் பெயரும் தோலா ரெக்ஸினா என்பதும் எழுதிய பில்லைக் கேட்டு வாங்கலாம். 2017 ஜூலைக்கு முன் வரி குறைவு என்பதற்காக நாகை, மயிலாடுதுறைப் பக்கத்து ஆட்கள் காரைக்காலுக்குக் கடை தேடி வந்தார்கள். ஜி.எஸ்.டி. வந்த பிறகு அந்த லாபம் இல்லை. பழைய பொருளில் வியாபாரம் செய்பவர் தன் லாபத்தின் மீது மட்டும் வரி கட்டும் வசதி சட்டத்திலேயே இருக்கிறது. எனவே, ‘பில் போட்டால் விலை ஏறிவிடும்’ என்று கடைக்காரர் சொன்னால், எவ்வளவு ஏறும் என்று திருப்பிக் கேட்டுப் பேரத்தைத் தொடரலாம்.