பழி சுமந்த ஓநாய்

விழுப்புரத்திலிருந்து செஞ்சிக்குச் செல்லும் வட்டாரத்தில் மண்டகப்பட்டு என்றொரு சிற்றூர் உண்டு. ஏழாம் நூற்றாண்டில் முதலாம் மகேந்திரவர்மன் பாறையைக் குடைந்து அமைத்த குடைவரையால் வரலாற்று நூல்களில் இடம்பெற்ற ஊர் அது. அங்கிருந்து செஞ்சிக் கோட்டை வரை, கற்களை அள்ளிக் குவித்தாற்போன்ற குன்றுகளையும் முட்புதர்களையும் காணலாம். அறுவடை முடிந்த வயல்களில் ஆட்டுக்கிடை போடுவது உழவர்களின் பழைய வழக்கம். ஆட்டுப்புழுக்கை நிலத்துக்கு எருவாகும். கிடைக்காரருக்குக் கூலி கிடைக்கும். ஆனால் அவர் இரவெல்லாம் விழித்திருக்க வேண்டும். பாறை இடுக்கிலிருந்து ஓர் ஊளை எழுந்தால் போதும், நாய்கள் குரைக்கும். கிடைக்காரரின் கை கோலைத் தேடும்.

அந்த ஊளை நரியினுடையதாகவே இருக்கும். தமிழகத்தில் ஓநாய் இன்று அரிதினும் அரிது. நம்மில் பெரும்பாலோர் அதை உயிருடன் பார்த்ததே இல்லை. ஆயினும் நம் பேச்சில் அது நாள்தோறும் நடமாடுகிறது. "ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததாம்" என்கிறோம். வஞ்சகனை "ஆட்டுத்தோல் போர்த்திய ஓநாய்" என்கிறோம். அதன் உறவினமான நரியைப் பற்றி நமக்கு இரண்டு கருத்துகள் உண்டு. தந்திரத்துக்கு அதைக் காட்டுவோம். அதே வேளையில் நரி முகத்தில் விழித்தால் நல்லது என்றும் சொல்வோம். சேலம் மாவட்டம் வாழப்பாடி வட்டாரத்தில் பொங்கலையொட்டி வங்காநரியைப் பிடித்துவந்து ஊரார்க்குக் காட்டிப் பின் விடுவிக்கும் வழக்கத்தை வனத்துறை தண்டம் விதித்துத் தடுத்து வருகிறது. ஓநாய்க்கோ அந்தப் பாதி நற்பெயரும் கிட்டவில்லை. கண்ணால் காணாத ஓர் உயிரைப் பற்றி இத்தனை உறுதியான தீர்ப்பு நமக்கு எங்கிருந்து வந்தது?

திருமறையில் ஓநாய்

திருமறை குர்ஆனில் ஓநாயைக் குறிக்கும் சொல் மூன்றே இடங்களில் வருகிறது. மூன்றும் யூசுப் அத்தியாயத்தில்தான். நம் வீடுகளில் பாட்டிமார் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லிவரும் வரலாறு அது. ஆயினும் ஓநாயின் பக்கமிருந்து ஒருமுறை அதை எண்ணிப் பார்ப்போம்.

இளம் யூசுபைத் தங்களுடன் அனுப்பும்படி அண்ணன்மார் தந்தையிடம் கேட்கிறார்கள். யஃகூப் நபி (அலை) அவர்கள் தம் மனத்திலிருந்த அச்சத்தை வெளியிடுகிறார்கள்: நீங்கள் கவனக்குறைவாக இருக்கும் வேளையில் ஓநாய் தின்றுவிடுமோ என்பதே அந்த அச்சம். இத்தனை பேர் நாங்கள் இருக்கையில் அப்படி நடக்குமா என்று மைந்தர்கள் உறுதி கூறுகிறார்கள். பின்னர் தம்பியைக் கிணற்றில் தள்ளிவிட்டு, பொய்யான இரத்தம் தோய்ந்த சட்டையுடன் அழுதுகொண்டே திரும்புகிறார்கள். ஓநாய் தின்றுவிட்டதாம்!

தந்தை எதற்கு அஞ்சினாரோ அதையே எடுத்து அவர்கள் பொய்யாக்கினார்கள். புதிதாக ஒன்றைக் கற்பனை செய்ய வேண்டிய தேவையே அவர்களுக்கு ஏற்படவில்லை. கேட்பவர் ஏற்கெனவே அஞ்சுகின்ற ஒன்றின் பெயரைச் சொன்னால் அவர் எளிதில் நம்பிவிடுவார் என்று கணக்கிட்டார்கள். ஆனால் யஃகூப் நபி (அலை) ஏமாறவில்லை. மகனைத் தின்ற ஓநாய் சட்டையை மட்டும் கிழிக்காமல் விட்டுவிட்டதோ என்று அவர்கள் வியந்ததாக விரிவுரையாளர்கள் எடுத்துரைப்பர். துயரம் நெஞ்சை அடைக்கும் நேரத்திலும் அந்தத் தந்தை தடயத்தைப் பார்த்தார். அழகிய பொறுமையை மேற்கொண்டார். திருமறை கூறும் அந்த நிகழ்வில் ஓநாய் முற்றிலும் குற்றமற்றது.

உண்மையில் அது எப்படிப்பட்ட விலங்கு?

இந்திய ஓநாய் ஏறத்தாழ 20 கிலோ எடையுள்ள, மெலிந்த, நீண்ட கால்களைக் கொண்ட விலங்கு. அடர்ந்த காட்டைக் காட்டிலும் புல்வெளியும் முட்புதரும் மேய்ச்சல் நிலமுமே அதற்கு உகந்தவை. வெளிமான், முயல், எலி ஆகியவை அதன் இயற்கையான இரை. இவை குறைந்த இடங்களில் ஆடுகளை நம்பிப் பிழைக்கிறது. அதன் கூட்டம் என்பது கொள்ளைக் கும்பலன்று, ஒரு குடும்பமே. தாயும் தந்தையும், முந்தைய ஈற்றுப் பிள்ளைகளும் சேர்ந்து குட்டிகளைப் பேணும். வேட்டைக்குச் சென்றவை தின்றுவந்த இறைச்சியைக் கக்கிக் குட்டிகளுக்கு ஊட்டும்.

அண்ணல் நபி (ஸல்) அவர்கள் இளமையில் மக்காவாசிகளின் ஆடுகளை மேய்த்தவர்கள். மந்தையைப் பிரிந்து தனியே போகும் ஆட்டையே ஓநாய் பிடிக்கும் என்பதைக் கூட்டுத் தொழுகையின் சிறப்பை உணர்த்த உவமையாக்கினார்கள். மந்தையின் ஓரத்தையும் பிந்திய ஆட்டையும் குறிவைப்பது ஓநாயின் வழக்கம் என்று மேய்ப்பவர் யாவரும் அறிவர்.

இந்தியாவில் இன்று எஞ்சியிருப்பவை ஏறக்குறைய 3,000 ஓநாய்களே என்பது ஆய்வாளர்களின் மதிப்பீடு. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதற்கு உயர்ந்த பாதுகாப்பை அளித்துள்ளது. ஆயினும் அது வாழும் புல்வெளிகளை நம் ஆவணங்கள் 'தரிசு' என்றே எழுதுகின்றன. தரிசு என்று பெயரிட்டபின் அந்த நிலத்தை எதற்கு வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாமல்லவா?

குழந்தைகளும் வதந்திகளும்

ஓநாய் எங்கும் எப்போதும் நிரபராதி என்று சொல்லவில்லை. 1996ஆம் ஆண்டு உத்தரப் பிரதேசத்தின் கிழக்கே பிரதாப்கர், ஜவுன்பூர், சுல்தான்பூர் மாவட்டங்களில் குழந்தைகள் பலரை ஓநாய் தூக்கிச் சென்றது உண்மை. பிள்ளையைப் பறிகொடுத்த தாயின் வயிற்றெரிச்சலுக்கு முன் எந்த வாதமும் நிற்காது.

ஆனால் அதன்பின் நிகழ்ந்தவற்றையும் நாம் அறிய வேண்டும். அது விலங்கே அன்று, ஓநாய் உருவெடுத்த மனிதன் என்று ஒரு பேச்சு பரவியது. ஓநாய் வேடமிட்டுப் பாகிஸ்தானிலிருந்து வந்த ஒற்றர்கள் என்று மற்றொரு பேச்சு கிளம்பியது. ஊருக்குப் புதியவர்கள் சந்தேகத்தின்பேரில் தாக்கப்பட்டார்கள். சிலர் உயிரையும் இழந்தார்கள். டேராடூனிலுள்ள இந்திய வனவிலங்கு நிறுவனத்தின் ஆய்வாளர் யாதவேந்திரதேவ் ஜாலா தம் சகாவுடன் அங்கு சென்று தடயங்களை ஆராய்ந்தார். குழந்தைகளைத் தூக்கியது ஓநாய்தான். ஆயினும் அது எல்லா ஓநாய்களின் செயலுமன்று, ஒற்றைக் கூட்டத்தின் செயல் என்பதே அந்த ஆய்வின் முடிவு. பலியானவர்கள் பெரும்பாலும் காவலின்றி விடப்பட்ட ஏழை வீட்டுக் குழந்தைகள்.

2024ஆம் ஆண்டு அதே மாநிலத்தின் பஹ்ராயிச் மாவட்டத்திலும் துயரம் திரும்பியது. குழந்தைகள் பலர் மாண்டனர். ஆறு ஓநாய்கள் கொண்ட கூட்டம் என்று கருதி வனத்துறை தேடியது, ஐந்தைப் பிடித்தது. ஆறாவதை ஊரார் அடித்துக் கொன்றனர். குட்டிகளை இழந்த ஓநாய்கள் பழிவாங்குகின்றன என்ற கதை நாடெங்கும் பேசப்பட்டது. ஆனால் அங்குள்ள பல வீடுகளுக்குக் கதவே இல்லை என்ற செய்தியை எத்தனை பேர் பேசினோம்? பழிவாங்கும் ஓநாய் என்பது சுவையான கதை. கதவில்லாத வீடு என்பதோ நம் அனைவர் மீதும் விழும் குற்றச்சாட்டு. அதனால்தான் முன்னதை விரும்பிக் கேட்கிறோம்.

நம் தமிழகத்துச் செய்தித்தாள்களில் "மர்ம விலங்கு கடித்து ஆடுகள் பலி" என்ற தலைப்பு அடிக்கடி வருகிறது. சிறுத்தையோ ஓநாயோ என்று ஊர் நடுங்கும். பல இடங்களில் விசாரித்தால் குற்றவாளி தெருநாயாக இருக்கும். காங்கேயம், சென்னிமலை வட்டாரங்களில் தெருநாய்கள் பட்டிகளில் புகுந்து கொன்ற ஆடுகளுடன் 2024, 2025ஆம் ஆண்டுகளில் உழவர்கள் போராட்டத்தில் இறங்கினர். அரசும் இழப்பீடு அறிவித்தது. நாம் வீசும் கழிவில் வளர்ந்த நாய்க்கு 'மர்ம விலங்கு' என்று பெயர் சூட்டினால், நம் பொறுப்பு நம் கண்ணுக்கு மறைந்துவிடுகிறது.

சட்டை கிழிந்திருக்கிறதா?

செஞ்சிக்கு அண்டையிலுள்ள திருவண்ணாமலை மாவட்டத்தில் 2018 மே மாதம் நடந்ததை மறக்க இயலாது. பிள்ளை பிடிப்பவர்கள் நடமாடுகிறார்கள் என்று கைப்பேசிகளில் வதந்தி பரவியிருந்த நாட்கள் அவை. கோயிலுக்குச் செல்ல வெளியூரிலிருந்து வந்த ஒரு குடும்பத்தார், வழியில் குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தார்கள். அதைக் கண்டு ஊர் திரண்டது. முதிய பெண்மணி ஒருவர் அடித்தே கொல்லப்பட்டார். அங்கே ஓநாயும் இல்லை; பிள்ளை பிடிப்பவரும் இல்லை. எல்லாருடைய நெஞ்சிலும் ஏற்கெனவே இருந்த அச்சம் மட்டுமே இருந்தது. யாரோ அதற்கு ஒரு முகத்தைக் காட்டினார்கள், அவ்வளவே!

சந்தேகத்தின் பெயரால் பழி சுமப்பதன் வேதனையை நம் சமுதாயம் நன்கறியும். அதனாலேயே, பிறர் மீது அதைச் சுமத்துவதில் நாம் முந்திக்கொள்ளக் கூடாது. அறியாமல் ஒரு கூட்டத்தாருக்குத் தீங்கிழைத்துப் பின் வருந்தாதிருக்க, வந்த செய்தியைத் தீர விசாரிக்கும்படி திருமறை நமக்குக் கட்டளையிடுகிறது.

எனவே தாய்மார்களே, பெரியோர்களே! பிள்ளைகளுக்கு யூசுப் நபி (அலை) அவர்களின் வரலாற்றைச் சொல்லும்போது, கிணற்றோடும் அரண்மனையோடும் நிறுத்திவிடாதீர்கள். அந்த ஓநாயைப் பற்றியும் இரண்டு வார்த்தை சொல்லுங்கள். கைப்பேசியில் ஒரு செய்தி வந்து, அதை அடுத்த வீட்டாருக்கு அனுப்ப விரல் துடிக்கும்போது, யஃகூப் நபி (அலை) அவர்களைப் போல் ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்ளுங்கள்: இரத்தம் இருக்கிறது, சரி, சட்டை கிழிந்திருக்கிறதா?

உண்மையை உண்மையாகக் கண்டு அதன் பக்கம் நிற்கும் நற்பேற்றை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.