வெள்ளரிக்காயா நரேன் கார்த்திகேயன்?

கடலூரிலிருந்து சிதம்பரம் போகிற ரோட்டில், குடிகாடு தாண்டும்போது எவனாவது ஒரு பையன் பைக்கை முறுக்கிக்கொண்டு டேங்கர் லாரிக்கும் கம்பெனி பஸ்ஸுக்கும் நடுவில் புகுந்து போனால் போதும். டீக்கடை பெஞ்சிலிருந்து ஒரு குரல் வரும்: "பெரிய நரேன் கார்த்திகேயன்னு நெனப்பு!"

ஒரு மனுஷனுடைய பேர் வேகத்துக்கே மறுபேராகிவிட்டது. அவ்வளவு பெரிய கௌரவம். ஆனால் அதே பெஞ்சில் உட்கார்ந்து, "சரிண்ணே, அந்த நரேன் கார்த்திகேயன் என்ன சாதிச்சார்?" என்று கேட்டுப் பாருங்கள். "அவரா? கடைசியா வருவாரே!" என்று பதில் வரும். கூடவே ஒரு சிரிப்பு. அந்தச் சிரிப்பு நியாயமா என்பதுதான் கேள்வி.

முதலில் அந்த வெள்ளரிக்காய் கதை.

2012 மார்ச் 25. மலேசியா, செபாங். மழையில் ஆரம்பித்த பந்தயம். எல்லா அணிகளும் நடுத்தர மழை டயரோடு கிளம்ப, ஹெச்.ஆர்.டி. என்கிற ஏழை ஸ்பானிய அணி மட்டும் கனமழைக்கான டயரைப் போட்டு அனுப்பியது. மழை வலுத்தது. மற்றவர்கள் டயர் மாற்ற உள்ளே ஓட, கடைசி வரிசையில் கிளம்பிய நரேன் பத்தாவது இடம் வரைக்கும் வந்துவிட்டார்! அப்புறம் சிவப்புக் கொடி. பந்தயம் நின்றது. இந்தப் பகுதி யாருக்கும் ஞாபகம் இல்லை பாருங்கள்.

ஞாபகம் இருப்பது அதற்குப் பிறகு நடந்தது மட்டும்தான். மறுபடி பந்தயம் தொடங்கியதும் ஜென்சன் பட்டன் நரேன் காரில் வந்து இடித்தார். தப்பு என்னுடையது என்று பட்டனே ஒப்புக்கொண்டார். பிரச்சினை அதோடு முடிந்தது. கடைசிக் கட்டத்தில் நான்காவது இடத்தில் இருந்த உலக சாம்பியன் செபாஸ்டியன் வெட்டல், ஒரு சுற்று பின்னால் இருந்த நரேனைக் கடந்து போனார். கடந்தவுடனே அவருடைய பின் டயர் நரேனுடைய முன் இறக்கையில் உரசியது. டயர் கிழிந்தது. வெட்டல் பதினோராவது. புள்ளி பூஜ்யம்.

இறங்கி வந்த வெட்டல் சும்மா இருந்தாரா? ஜெர்மன் தொலைக்காட்சியில் நரேனை "வெள்ளரிக்காய்" என்றார். அவர்கள் ஊரில் வண்டி ஓட்டத் தெரியாதவனைத் திட்டுகிற வார்த்தை அது. பந்தய நடுவர்கள் நரேனுக்கு 20 விநாடி அபராதம் போட்டார்கள். தொழில்முறை ஓட்டுநர் ஒருவர் இப்படிப் பேசுவது அழகல்ல என்று நரேன் பதில் சொன்னார். தான் இடம் விட்டதாகவும் சொன்னார்.

யார் மேல் தப்பு? நடுவர் தீர்ப்பு நரேனுக்கு எதிராகத்தான் இருந்தது. அதை மறைக்க வேண்டாம். ஆனால் ஒன்றை யோசியுங்கள். பாதி காய்ந்த பாதையில் காய்ந்த கோடு ஒன்றே ஒன்றுதான். பின்னால் வருகிறவனுக்கு வழிவிட ஈரத்தில் இறங்கினால் டயர் வழுக்கும். பின்னால் வருவது உலகத்திலேயே வேகமான கார்களில் ஒன்று, முன்னால் இருப்பது அந்தப் பந்தயத்திலேயே மெதுவான கார்களில் ஒன்று. கடந்து முடித்தவன் இன்னும் அரை விநாடி பொறுத்துத் திரும்பியிருந்தால் உரசலே இல்லை. இதைச் சொன்னால் "நம்ம ஊர்க்காரன்னு சப்போர்ட்டு" என்பார்கள். வெட்டல் சொன்னதை அப்படியே நம்பியவர்கள் மட்டும் நடுநிலையாளர்களா?

சரி, இனி குற்றச்சாட்டுகளுக்கு வருவோம். மொத்தம் மூன்று.

குற்றச்சாட்டு ஒன்று: 46 பந்தயம், 5 புள்ளி. அதுவும் ஓசிப் புள்ளி.

உண்மைதான். 2005 ஜூன் 19, இண்டியானாபொலிஸ். மிஷலின் டயர் பாதுகாப்பில்லை என்று 14 கார்கள் ஓடாமலே விலக, மிச்சம் இருந்தது ஆறே ஆறு கார்கள். இரண்டு ஃபெராரி, இரண்டு ஜோர்டான், இரண்டு மினார்டி. ஜோர்டானில் ஓட்டிய நரேன் நான்காவது. அந்த 5 புள்ளிதான் மொத்தக் கணக்கும். ஆனால் அதே பந்தயத்தில் மூன்றாவதாக வந்த டியாகோ மான்டெய்ரோவை, அவர் ஊரான போர்ச்சுகலில் மேடையேறிய வீரர் என்றுதான் சொல்கிறார்கள். நாம் மட்டும்தான் நான்காம் இடத்தை நக்கலடிக்கிறோம்.

லாபத்தை மட்டும் பார்த்து ஒரு கடையை எடைபோடக்கூடாது, அதில் போட்ட முதல் எவ்வளவு என்றும் பார்க்க வேண்டும். இது பி.காம். முதல் வருஷப் பாடம். நரேனுக்குக் கிடைத்த முதல் என்ன? 2005-ல் விற்கப்பட்டுக் கைமாறிய ஜோர்டான். 2011, 2012-ல் ஹெச்.ஆர்.டி. அந்த அணி 2010 முதல் 2012 வரை மூன்று வருஷம் ஓடி, ஒரு புள்ளிகூட எடுக்காமல் மூடப்பட்டது. இரண்டு வருஷம் ஆஸ்திரேலியாவில் தகுதிச் சுற்றையே தாண்டவில்லை. முதல் கட்டத் தகுதிச் சுற்றின் வேகமான நேரத்தில் 107 சதவீதத்துக்குள் வந்தாக வேண்டும் என்பது விதி. அந்த இரண்டு முறையும் ஹெச்.ஆர்.டி.யின் இரண்டு கார்களுமே வரவில்லை.

இன்னும் ஒரு உதாரணம். 2011 நடுவில் நரேனை இறக்கிவிட்டு அதே காரில் ஒரு ஆஸ்திரேலியப் பையனை ஏற்றினார்கள். 11 பந்தயம் ஓட்டினான். புள்ளி? பூஜ்யம். அந்தப் பையன் பேர் டேனியல் ரிக்கியார்டோ. பின்னாளில் நல்ல கார் கிடைத்ததும் எட்டு கிராண்ட் பிரி ஜெயித்தவர். ரிக்கியார்டோ அளவுக்கு நரேன் திறமைசாலி என்று யாரும் சொல்லவில்லை. 2012-ல் கூட ஓட்டிய பெட்ரோ டி லா ரோசா பெரும்பாலான தகுதிச் சுற்றுகளில் நரேனைவிட வேகமாகத்தான் இருந்தார். ஆனால் அந்தக் காரின் பூஜ்யத்தை ஓட்டுநரின் பூஜ்யமாக எழுதுவது கணக்குப் பிழை.

குற்றச்சாட்டு இரண்டு: காசு கொடுத்து வாங்கிய சீட்டு.

டாடா உட்பட இந்திய நிறுவனங்களின் ஆதரவு இல்லாமல் அவருக்கு இடம் கிடைத்திருக்காது. நிஜம். ஆனால் நிக்கி லவுடா ஆரம்ப காலத்தில் வங்கியில் கடன் வாங்கித்தான் சீட்டு பிடித்தார். மூன்று முறை உலக சாம்பியன் ஆனார். மைக்கேல் ஷூமாக்கர் 1991-ல் முதல் பந்தயம் ஓட்ட மெர்சிடிஸ் காசு கட்டியது, அதுவும் இதே ஜோர்டான் அணிக்கு. வெள்ளைக்காரன் காசு கொண்டுவந்தால் முதலீடு, கோயமுத்தூர்க்காரன் கொண்டுவந்தால் லஞ்சமா?

காசு மட்டும் இருந்தால் போதும் என்றால், இந்தியாவில் கோடீஸ்வரர்களுக்கா பஞ்சம்? ஃபார்முலா ஒன் பந்தயத்தில் இதுவரை ஓட்டிய இந்தியர்கள் இரண்டே பேர். நரேன், கருண் சந்தோக். இரண்டு பேருமே தமிழ்நாட்டுக்காரர்கள். அதற்குக் காரணம் சோழவரத்தின் பழைய விமான ஓடுதளம், இருங்காட்டுக்கோட்டைப் பாதை, கோவையில் கரிவரதன் போட்டுவைத்த விதை. நரேனின் அப்பா ஜி.ஆர். கார்த்திகேயன் ராலி ஓட்டியவர். பையன் 1996-ல் ஃபார்முலா ஆசியா சாம்பியன். பிறகு பிரிட்டிஷ் ஃபார்முலா 3-ல் பந்தயங்களை ஜெயித்தார். 2001-ல் ஜாகுவார் அணிக்காக ஃபார்முலா ஒன் காரைச் சோதனை ஓட்டியபோது, அதைச் செய்த முதல் இந்தியர் அவர்தான். இதெல்லாம் செக் கிழித்துக் கொடுத்தால் வருகிறதா?

குற்றச்சாட்டு மூன்று: அத்தோடு காணாமல் போய்விட்டார்.

இதுதான் மூன்றிலும் பெரிய பொய். 2012 நவம்பர் 25, பிரேசில். அதுதான் நரேனின் கடைசி ஃபார்முலா ஒன் பந்தயம். ஹெச்.ஆர்.டி. இழுத்து மூடப்பட்டது. இந்தியா என்று பேர் வைத்துக்கொண்டு ஓடிய மல்லையாவின் ஃபோர்ஸ் இந்தியா, ஓடிய காலம் முழுக்க ஒரு இந்தியரைக்கூடப் பந்தயத்தில் ஓட்டவிடவில்லை. கொடியின் மூவர்ணம் காருக்கு வேண்டும், அந்த ஊர்க்காரன் மட்டும் வேண்டாம்! நொய்டாவில் 2011-ல் ஆரம்பித்த இந்தியன் கிராண்ட் பிரியும் 2013-ஓடு நின்றுபோனது.

நரேன் நின்றாரா? 2014-லிருந்து 2018 வரை ஜப்பானில் சூப்பர் ஃபார்முலா. அதுவும் லேசுப்பட்ட பந்தயம் இல்லை. 2019-ல் சூப்பர் ஜி.டி. அந்த வருஷம் நவம்பரில் ஃபுஜியில் ஜப்பானின் சூப்பர் ஜி.டி. கார்களும் ஜெர்மனியின் டி.டி.எம். கார்களும் ஒரே பாதையில் மோதிய பந்தயத்தில் முதலாவதாக வந்தவர் நரேன் கார்த்திகேயன். வயது 42. மறுநாள் டீக்கடையில் எத்தனை பேர் அதைப் பேசினார்கள்? அவர்தான் "கடைசியா வருவாரே"!

2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் அஜித் அணி தன் பிரிவில் மூன்றாவதாக வந்தது. ஊரே கொண்டாடியது. கொண்டாட வேண்டியதுதான். அந்த வயதில் அந்த உழைப்புக்குச் சல்யூட். ஆனால் அந்தக் கைதட்டலில் பத்தில் ஒரு பங்காவது, உலகத்தின் உச்சப் பந்தயத்தில் 46 முறை ஸ்டார்ட் லைனில் நின்றவனுக்குக் கிடைத்திருக்க வேண்டாமா? சினிமாக்காரரின் அணி ஓட்டினால் மூன்றாமிடமும் வெற்றி, ஓட்டுவதையே தொழிலாக வைத்தவர் ஓட்டினால் நான்காமிடமும் கேலியா?

2012-க்குப் பிறகு ஃபார்முலா ஒன் கிராண்ட் பிரி ஓட்ட இன்னொரு இந்தியர் வரவில்லை. நூற்று நாற்பது கோடிப் பேர் இருக்கிற நாட்டில், கடைசியாக வந்தவர் என்று நாம் சிரிக்கிற ஆளுக்குப் பின்னால் வரக்கூட ஒருத்தர் இல்லை.

அடுத்த தடவை குடிகாட்டு ரோட்டில் ஒரு பையன் பைக்கை முறுக்கினால், ஹெல்மெட் போடச் சொல்லித் திட்டுங்கள். தப்பே இல்லை. ஆனால் "நரேன் கார்த்திகேயன்னு நெனப்பா?" என்று கேட்கும்போது கொஞ்சம் மரியாதையோடு கேளுங்கள். ரோட்டில் முறுக்குகிறவன் எவனும் அந்தப் பேருக்கு இன்னும் தகுதியானவன் இல்லை.