இரும்பு விலைக்குப் போகும் ரெயில் என்ஜின்கள்!

யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பார்கள். ரெயில் என்ஜினுக்கு இந்தப் பழமொழி பொருந்தாது. ஓடுகிற என்ஜினுக்கு ஒரு விலை. ஓடாத என்ஜினுக்கு வெறும் இரும்பு விலைதான்!

இந்தியாவில் பழைய டீசல் என்ஜின்கள் ஏலத்துக்கு வருகின்றன. அவற்றை யார் வாங்குகிறார்கள்? வாங்கி என்ன செய்கிறார்கள்? இவை பொதுமக்களின் சொத்து. ஆகவே இந்த விவரம் எல்லோருக்கும் தெரிய வேண்டும்.

ஏன் விற்கிறார்கள்?

1962-ம் ஆண்டில், அமெரிக்காவின் ஆல்கோ கம்பெனி செய்த டீசல் என்ஜின்கள் இந்தியாவுக்கு வந்தன. 1964-ல் இருந்து அதே மாதிரி என்ஜின்கள் காசியில் உள்ள தொழிற்சாலையில் உருவாயின. ஒவ்வொன்றும் 2,600 குதிரைச் சக்தி உடையது. எடை சுமார் 113 டன். புகை கக்கிய நிலக்கரி என்ஜின்களை வீட்டுக்கு அனுப்பியவை இவைதான்.

இன்று இவற்றையே மின்சாரம் வீட்டுக்கு அனுப்புகிறது. 2025-ம் ஆண்டின் நடுவிலேயே, அகல ரெயில் பாதைகளில் 100-க்கு 98 பங்குக்கு மேல் மின்சாரக் கம்பி போட்டாகிவிட்டது. ஒரு டீசல் என்ஜினுக்கு ரெயில்வே இலாகா வகுத்த ஆயுள் 36 ஆண்டு. ஆனால் வேலை குறைந்துவிட்டதால், வயது முடியாத என்ஜின்களும் ஷெட்டில் நிற்க நேர்கிறது.

ஏலம் எப்படி?

முதலில் அதிகாரிகள் என்ஜினைச் சோதித்து, "உபயோகமற்றது" என்று முடிவு செய்வார்கள். பிறகு ஏல அறிவிப்பு வரும். முன்போல் மணி அடித்து, "ஒரு தரம், இரண்டு தரம்" என்று கூவுவது இல்லை. பெயரைப் பதிவு செய்துகொண்ட வியாபாரிகள், கம்ப்யூட்டர் மூலம் விலை கேட்கிறார்கள். குறைந்தபட்ச விலையை ரெயில்வே முன்கூட்டியே நிர்ணயித்துக்கொள்ளும். அதற்குக் கீழே கேட்டால் கிடைக்காது.

என்ஜின் எந்த இடத்தில், எந்த நிலையில் நிற்கிறதோ, அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டும். பிறகு குறை சொல்ல முடியாது.

வாங்குகிறவர்கள் பெரும்பாலும் பழைய இரும்பு வியாபாரிகள். காஸ் வைத்துத் துண்டு துண்டாக அறுத்து, லாரியில் ஏற்றிவிடுவார்கள். இரும்பு உருக்காலைக்குப் போகும். டீசல் என்ஜினில் ஜெனரேட்டரும், சக்கரங்களைச் சுழற்றும் மோட்டார்களும் உண்டு. அவற்றில் உள்ள செம்புக்கு நல்ல விலை!

வேறு வழி இல்லையா?

உண்டு. வங்காளதேசத்தில் இந்திய அளவுள்ள அகலப் பாதை இருக்கிறது. ஓடும் நிலையில் இருந்த 10 டீசல் என்ஜின்களை 2020-லும், 20 என்ஜின்களை 2023-லும் இந்தியா அந்நாட்டுக்கு உதவியாக வழங்கியது.

ஆனால் எல்லா நாட்டுக்கும் இப்படி அனுப்ப முடியாது. இந்திய அகலப் பாதையில் தண்டவாளங்களுக்கு இடையே உள்ள தூரம் 1,676 மில்லி மீட்டர். தென் ஆப்பிரிக்கப் பகுதியில் அது 1,067 மில்லி மீட்டர்தான். அங்கே ஓட வேண்டுமானால் அடிப்பாகத்தையே மாற்ற வேண்டும். அதற்குச் செலவாகும்.

பிரிட்டனில் இன்னொரு வழி கண்டார்கள். "டெல்டிக்" எனப்படும் 22 டீசல் என்ஜின்கள் அங்கே 1982 ஜனவரிக்குள் ஓய்வு பெற்றன. ரெயில் ஆர்வலர்கள் சங்கம் அமைத்து, பணம் திரட்டினார்கள். 6 என்ஜின்கள் உலைக்குப் போகாமல் தப்பின.

அவசரம் வேண்டாம்

புயலில் மின்கம்பி அறுந்தால், மின்சார என்ஜின் நின்றுவிடும். அப்போது கைகொடுப்பது டீசல் என்ஜின்தான். எல்லாவற்றையும் விற்றுவிட்டு அன்றைக்குத் தேட முடியாது.

உளுத்துப்போனதை விற்பதில் தவறு இல்லை. சும்மா நின்றால் துருதான் மிஞ்சும். ஆனால் ஓடக்கூடியது எது, ஓடாதது எது என்று ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்ப்பது அவசியம். அறுத்த என்ஜினை மறுபடி ஒட்ட முடியாது!