கடலுக்கடியில் முதல் மூச்சு



அக்கரப்பத்தனையில் பனி இறங்கிவிட்டால் எதிர்மலை கூடக் கண்ணுக்குத் தெரியாது. தண்ணீர் என்றால் எங்களுக்குப் பீலித் தண்ணீர், அக்ரா ஓயா, விடாத மழை, அவ்வளவுதான். கடலை நான் முதன்முதலாகப் பார்த்ததே பத்தொன்பதாவது வயதில். கணுக்கால் வரை நனைத்துவிட்டு ஓடி வந்துவிட்டேன். முல்லைத்தீவிலும் மன்னாரிலும் திருகோணமலையிலும் இருந்து இந்தப் பக்கத்தை வாசிக்கும் உங்களுக்குக் கடல் வீட்டு முற்றம். அப்படியிருக்க, மலையில் இருக்கும் நான் கடலுக்கடியில் போவதைப் பற்றி எழுதுவது வேடிக்கையாக இருக்கலாம். எழுத வைத்தவர் எங்கள் தோட்டத்து அக்கா ஒருவர்.

அக்காவின் கணவரின் பெற்றோர் இந்தப் பகுதித் தோட்டமொன்றில் வேலை செய்தவர்கள். 1977 கலவரத்தோடு கைக்குழந்தையையும் தூக்கிக்கொண்டு வன்னிக்குப் போனார்கள். அந்தக் குழந்தை அங்கே வளர்ந்து, அக்காவைக் கல்யாணம் செய்து, 2009இல் எல்லாவற்றையும் இழந்து, முகாமில் இருந்து, பிறகு மீளக்குடியேறியது. தோட்டத்துப் பிள்ளைக்குச் சொந்தமாக வள்ளம் ஏது, வலை ஏது? கடலட்டை பிடிக்கும் படகொன்றில் கூலிக்குச் சேர்ந்தார். முதலில் சிலிண்டர் தூக்கினார், கொம்பிரசர் போட்டுக் காற்று நிரப்பினார். பிறகு நடந்ததை அக்கா இப்படிச் சொன்னார்:

"என்ர மனுசன் படிச்சே இறங்கினவர், பிள்ளை? ஒரு நாள் சுழியோடி வரேல்ல. 'நீ குதி' எண்டாங்கள். குதிச்சவர்."

அதுதான் அவருடைய முதல் சுழியோட்டம். ஒன்றரை வருடம் நல்ல உழைப்பு. கரையோரத்தில் அட்டை குறையக் குறைய ஆழத்துக்குப் போனார்கள். 2013இல் ஒரு நாள் மேலே வந்தவருக்குப் படகிலேயே கால் மரத்தது. கரைக்கு வரும்போது இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. மூன்று வருடம் படுக்கை, படுக்கைப் புண், சிறுநீரில் கிருமி. 2016இல் இறந்துபோனார். அடுத்த வருடம் அக்கா பன்னிரண்டு வயது மகனோடு இங்கே, கணவரின் மாமா வீட்டு லயத்துக்கு வந்து சேர்ந்தார். கொழுந்து பறிக்கக் கற்றுக்கொண்டார்.

இப்போது அந்த மகனை, திருகோணமலையில் சுற்றுலாப் பயணிகளைப் புறாத்தீவுக்கு ஏற்றிப்போகும் படகில் வேலை செய்யும் உறவினர் ஒருவர் கூப்பிடுகிறார். ஸ்கூபா சுழியோடல் பழகினால் பயணிகளைக் கூட்டிப்போகும் வேலை கிடைக்குமாம். மகன் போவேன் என்கிறான். அக்கா என்னிடம் வந்து கேட்டது ஒரே கேள்வி: "உதே சிலிண்டர்தானே, பிள்ளை? வேறயா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. தெரிந்தவர்களிடம் கேட்டும் வாசித்தும் அறிந்ததைத்தான் இங்கே தருகிறேன்.

சிலிண்டர் அதேதான். 1943இல் பிரான்சில் ஜாக் குஸ்தோ என்ற கடற்படை அதிகாரியும் எமில் கான்யான் என்ற பொறியியலாளரும் உருவாக்கிய உபகரணத்திலிருந்து வளர்ந்தது அது. மூச்சை இழுக்கும்போது மட்டும், அந்த ஆழத்துக்கு ஏற்ற அழுத்தத்தில் காற்றைக் கொடுக்கும். அதற்குள் இருப்பது பெரும்பாலும் நாம் சுவாசிக்கும் சாதாரணக் காற்றுத்தான். பலர் நினைப்பதுபோல் வெறும் ஒட்சிசன் அல்ல. வேறுபடுவது அதை முதுகில் மாட்டிக்கொண்டு கடலுக்குள் போகும் வாசல். காசு கொடுத்துப் போகிறவருக்கு ஒரு வாசல், கூலிக்குப் போகிறவருக்கு இன்னொரு வாசல்.

காசு கொடுத்துப் போகிறவர் எப்படித் தொடங்குகிறார்? முதலில் ஒரு சுகநலப் படிவம். ஆஸ்துமா உண்டா, காதில் வருத்தம் உண்டா, வலிப்பு உண்டா, கர்ப்பமா என்று கேட்பார்கள். ஒன்றுக்கு 'ஆம்' என்றாலும் வைத்தியரிடம் போய்க் கையெழுத்து வாங்கும்படி சொல்லலாம். பிறகு நீச்சல் தடாகம் அல்லது இடுப்பளவுத் தண்ணீர். அங்கே முழங்காலில் இருந்து, முகத்தைத் தண்ணீருக்குள் அமிழ்த்தி, வாயால் முதல் மூச்சு எடுக்க வேண்டும். அந்த முதல் மூச்சுக்கு நெஞ்சு பதறாதவர்கள் குறைவாம். தண்ணீருக்குள் மூச்சு விடாதே என்று பிறந்ததிலிருந்து உடம்பு பழகியிருக்கிறதல்லவா? பயிற்றுநர் கண்ணுக்கு நேரே இருப்பார். முகக்கண்ணாடிக்குள் புகுந்த தண்ணீரை மூக்கால் ஊதி வெளியேற்றுவது, காற்று முடிந்தால் பக்கத்திலிருப்பவரின் சிலிண்டரிலிருந்து சுவாசிப்பது எல்லாம் அங்கேயே பழக்குவார்கள். உலகம் முழுதும் நடக்கும் ஆரம்பப் பயிற்சி பெரும்பாலும் மூன்று நான்கு நாட்கள். 200 மீற்றர் நீந்தவும் பத்து நிமிடம் மிதக்கவும் வேண்டும். கடலில் நான்கு முறை இறங்கிய பின்னரே சான்றிதழ். அதோடும் 18 மீற்றருக்குக் கீழே போக அனுமதியில்லை. தனியே போகவும் கூடாது. எப்போதும் ஒரு துணை.

கூலிக்குப் போகிறவருக்குப் படிவமும் இல்லை, தடாகமும் இல்லை. சங்கு குளிக்கவும் கடலட்டை பிடிக்கவும் கடற்றொழில் திணைக்களத்தின் அனுமதிப்பத்திரம் வேண்டும் என்பது சட்டம். ஆனால் அனுமதிப்பத்திரம் வேறு, பயிற்சி வேறு.

அக்காவின் கணவருக்கு என்ன நடந்தது என்பதையும் சொல்ல வேண்டும். உங்களில் பலருடைய ஊர்களில் இப்படிக் காலிழந்தவர்கள் இருக்கிறார்கள். அதைச் சாதாரண வாதம் என்றோ, கடலில் ஏதோ பிடித்துவிட்டது என்றோ சொல்லிவிடுகிறார்கள். கடலில் பத்து மீற்றர் இறங்கினால் அழுத்தம் இரண்டு மடங்கு, இருபது மீற்றரில் மூன்று மடங்கு. அந்த அழுத்தத்தில் சுவாசிக்கும் காற்றிலுள்ள நைதரசன் இரத்தத்திலும் தசையிலும் கரைந்து சேர்கிறது. நேரம் கூடக்கூட அதிகம் சேரும். மெதுவாக மேலே வந்தால் சுவாசத்தோடு வெளியே போய்விடும். அவசரமாக வந்தால், சோடாப் போத்தலின் மூடியைத் திறந்ததும் நுரைப்பதுபோல் உடம்புக்குள்ளேயே குமிழிகள் உண்டாகும். மூட்டில் வந்தால் வலி, முள்ளந்தண்டில் வந்தால் முடம். அவர் ஒரு நாளைக்கு நான்கைந்து சிலிண்டர் முடிப்பாராம். மெதுவாக மேலே வர வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை.

சிகிச்சை இருக்கிறது. உடனே தூய ஒட்சிசன் கொடுக்க வேண்டும். அழுத்த அறை ஒன்றில் வைத்து மெல்ல மெல்ல அழுத்தத்தைக் குறைக்க வேண்டும். திருகோணமலையில் கடற்படையிடம் அப்படியொரு அறை உண்டு. எவ்வளவு விரைவில் போகிறோமோ அவ்வளவு நல்லது. அக்கா குடும்பத்தார் இரண்டு நாள் எண்ணெய் தேய்த்துவிட்டுத்தான் வைத்தியசாலைக்குப் போனார்கள். இதைக் கேட்டபோது அக்கா நீண்ட நேரம் பேசவில்லை. சொல்லியிருக்கக் கூடாதோ என்று எனக்கு இன்னும் மனம் உறுத்துகிறது. ஆனாலும் கரையோரத்தில் உள்ளவர்கள் இதைக் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும்: சுழியோடி வந்தவருக்குக் கை கால் மரத்தால், மூட்டு வலித்தால், தலை சுற்றினால் எண்ணெய் வேண்டாம், வைத்தியசாலை. 'சிலிண்டரோடு சுழியோடினவர்' என்று முதல் வார்த்தையிலேயே வைத்தியருக்குச் சொல்லுங்கள்.

சிலிண்டர் வருவதற்கு முன்பும் எங்கள் கடலில் ஆட்கள் இறங்கினார்கள். மன்னார் அரிப்புக் கடலில் 1905இல் நடந்த முத்துக்குளிப்பில் ஏறத்தாழ 5000 பேர் இறங்கினார்கள் என்பது பதிவு. காலில் கல் கட்டி இறங்குவார்கள், மேலே ஒருவர் கயிற்றைப் பிடித்திருப்பார். அந்தக் கயிற்றை மனைவியின் அண்ணன் தம்பி கையில்தான் கொடுப்பார்களாம். தன் சகோதரி தாலியறுப்பதை அவன் விரும்பமாட்டான் என்ற நம்பிக்கை. சுறாவைக் கட்ட மந்திரம் ஓதும் கடல்கட்டி வராமல் பலர் இறங்கவே மாட்டார்களாம். எங்கள் மூதாதையர் இந்தியாவிலிருந்து வந்து காடு வழியாக மலைக்கு நடக்கத் தொடங்கியதும் அதே மன்னார்க் கரையிலிருந்துதான்.

பெண்கள் இறங்கவில்லையா என்று கேட்பீர்கள். இறங்கியிருக்கிறார்கள். பாம்பன் சின்னப்பாலத்துப் பெண்கள் சிலிண்டர் இல்லாமல் மூச்சடக்கிப் பாசி எடுக்கிறார்கள். விரல்களில் துணி சுற்றிக்கொண்டு, தாய் இறங்கும்போது கூடவே மகளும் இறங்கிப் பழகியது. அவர்களில் ஒருவரான லட்சுமிக்கு, அந்தப் பெண்களின் தொழில் உரிமைக்காகவும் கடலைக் காப்பதற்காகவும் உழைத்ததற்காக 2015இல் சீக்காலஜி என்ற சர்வதேச விருது கிடைத்தது.

தென்கொரியாவின் ஜேஜு தீவில் 'ஹேன்யோ' என்றழைக்கப்படும் பெண்கள் பத்து மீற்றருக்கு மேலும் மூச்சடக்கி இறங்குகிறார்கள். சிறுமிகளாக ஆழமில்லாத கரையோரத்தில் விளையாடி, பிறகு மூத்த பெண்களோடு இறங்கிப் பழகியவர்கள். ஆழம் போக முடியாத கிழவிகளுக்கென்று கரைக்கு அண்மையில் ஒரு பகுதியை ஒதுக்கி, மற்றவர்கள் அங்கே எடுக்காமல் விடுவார்கள். 1932இல் ஜப்பானிய ஆட்சியில் தங்களைச் சுரண்டியவர்களுக்கு எதிராக ஆயிரக்கணக்கில் திரண்டார்கள். 1948ஐ ஒட்டிய ஆண்டுகளில் அந்தத் தீவில் பல்லாயிரம் பேர் கொல்லப்பட்டார்கள், ஊர்கள் எரிக்கப்பட்டன. கணவனையும் பிள்ளையையும் இழந்த பெண்கள் மறுபடி கடலில் இறங்கித்தான் குடும்பங்களை நிமிர்த்தினார்கள். 2016இல் யுனெஸ்கோ அவர்களது மரபைப் பட்டியலில் சேர்த்தது. இன்று 3000 பேர் கூட இல்லை, பெரும்பாலும் அறுபதைத் தாண்டியவர்கள். சிலிண்டர் வாங்க வசதி வந்த பின்னும் வேண்டாம் என்றார்கள். ஒருவரே எல்லாவற்றையும் அள்ளிவிடுவார் என்பது காரணம். இதை அக்காவிடம் சொன்னபோது முதன்முறையாகச் சிரித்தார். "அதுகள் விவரமானதுகள்" என்றார்.

விளையாட்டுக்காக இறங்கியவர்களும் உண்டு. ஆர்தர் சி. கிளார்க் என்ற எழுத்தாளர் 1956இல் இலங்கைக்கு வந்து தங்கியதே சுழியோடத்தான். விண்வெளியில் பாரமில்லாமல் மிதப்பதைப் பூமியில் அனுபவிக்க வேறு வழியில்லை என்று தொடங்கினாராம். அவரும் நண்பர் மைக் வில்சனும் திருக்கோணேஸ்வரத்துச் சுவாமி மலையடியில், போர்த்துக்கேயர் இடித்த கோயிலின் தூண்களைக் கடலடியில் கண்டார்கள். இந்தக் கதை மகனுக்குத்தான் பிடித்தது.

திருகோணமலைப் பக்கம் கடல் அமைதியாக இருப்பது ஏறத்தாழ மே முதல் செப்டெம்பர் வரை. அதற்குள் போக வேண்டும் என்று பையன் அவசரப்பட்டான். உறவினர் பயிற்சி நிலையத்தின் படிவத்தைப் போனில் அனுப்பியிருந்தார். ஆங்கிலம். ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டில் உட்கார்ந்து ஒவ்வொரு கேள்வியாகத் தமிழில் சொன்னேன். ஆஸ்துமா இல்லை. வலிப்பு இல்லை. காதில் காயம், காது கேளாமை?

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். 2009இல் அவனுக்கு நான்கு வயது. பதுங்குகுழிக்குப் பக்கத்தில் ஷெல் விழுந்ததில் இடது காதில் இரத்தம் வடிந்ததாம். மருந்து கட்ட இடமில்லை. இன்றும் தடிமன் பிடித்தால் அந்தக் காதில் சீழ் வரும். காதுச்சவ்வில் ஓட்டை இருந்தால் சுழியோடக் கூடாது; ஆழத்தில் குளிர்ந்த நீர் உள்ளே போய்த் தலைசுற்றி, மேல் எது கீழ் எது என்று தெரியாமல் போகும். உங்களில் ஷெல் சத்தத்தில் காது கெட்டவர்களும், உடம்பில் இரும்புத் துண்டோடு இருப்பவர்களும் எத்தனை பேர்! அந்தப் படிவத்தை எழுதியவர்கள் எங்களை நினைத்து எழுதவில்லை. ஆனாலும் கேள்வி சரியான கேள்விதான்.

"மிஸ், அதுக்கு 'இல்ல'ன்னு போட்டா என்னா? யாருக்குத் தெரியப் போவுது?" என்றான் பையன்.

நான் வாய் திறப்பதற்குள் அக்கா படிவத்தை வாங்கி மடித்து, சாமிப் படத்துக்குப் பின்னால் வைத்தார். "கொப்பரிட்டயும் ஒருத்தரும் கேக்கேல்ல" என்றார். போக வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. காதைக் காட்டு, வைத்தியர் கையெழுத்துப் போட்டால் போ, ஓட்டை இருந்தால் அதற்குச் சத்திரசிகிச்சை உண்டாமே, அதையும் கேட்போம் என்றார். நானும் விசாரித்தேன், உண்டு. ஆனால் அதன் பிறகும் சுழியோட விடுவார்களா என்பதை அந்த வைத்தியர்தான் சொல்ல வேண்டும்.

பையன் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. பிறகு தானே வந்து துண்டு எடுக்க எத்தனை மணிக்குப் போக வேண்டும் என்று கேட்டான். கிளினிக் அடுத்த மாதம் முதல் செவ்வாய். அக்காவுக்கு அன்று பேர் விழாது, ஒரு நாள் சம்பளம் போகும். விடிய நாலரைக்கு முதல் பஸ்ஸில் மூவருமாகப் போகிறோம்.