இடியும் புகையும்



இரவில் தோட்டத்துப் பக்கம் பெரிய இடி இடிக்கிறது. விடிந்ததும் ஒரு வீட்டுக் கொல்லையில் புகை தெரிகிறது. “ராத்திரி இடி விழுந்திருக்கு” என்று லயம் முழுக்கப் பேச்சு பரவிவிடும். அனுபவப்பட்ட பாட்டி ஒருத்தி மட்டும் சாம்பலில் விரல் வைத்துப் பார்த்து, “இன்னும் சுடுதே! இது காலையிலே யாரோ மூட்டினது” என்பாள். ஆகாயத்திலும் இப்படி ஒரு விசாரணை நடந்தது.

2017 ஜனவரி 4. நம் நேரப்படி மாலை 6 மணி 12 நிமிடம். கோலா பிலாவில் பிள்ளைகள் பந்தாடும் நேரம். அமெரிக்காவின் ‘லைகோ’ நிலையங்கள் இரண்டிலும் ஒரு நுண்ணிய அதிர்வு பதிவானது. சுமார் 300 கோடி ஒளியாண்டு தொலைவில் இரண்டு கருந்துளைகள் மோதி ஒன்றாகியிருந்தன. கருந்துளையிலிருந்து ஒளிகூடத் தப்ப முடியாது. அதனால் வெளிச்சத்தை யாரும் பெரிதாக எதிர்பார்க்கவில்லை. ஆனால் 23 மணி நேரம் கழித்து, அதிர்வு வந்ததாகக் குறித்திருந்த வானப்பகுதிக்குள், வேகமாக மங்கும் ஓர் ஒளிப்புள்ளியை ஹவாயிலுள்ள ‘அட்லஸ்’ தொலைநோக்கி கண்டது. மோதலின் வெளிச்சமோ? அப்படியானால் உலகச் செய்தி!

இங்கேதான் இந்தியாவின் ‘ஆஸ்ட்ரோசாட்’ சாட்சி சொல்ல வந்தது. 2015 செப்டம்பர் 28இல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவிய விண்வெளி தொலைநோக்கி அது. காமாக் கதிர்களைக் காற்று மண்டலம் தடுத்துவிடும். ஆகவே 650 கிலோமீட்டர் உயரத்தில் நின்று பிடிக்க வேண்டியிருக்கிறது. அதிலுள்ள ஒரு கருவியின் பக்கச் சுவரைப் பலமான கதிர்கள் துளைத்துக்கொண்டு வந்துவிடும். பார்க்காத திசையில் வெடித்தாலும் தெரியும். இயக்கிய முதல் நாளே, அக்டோபர் 6இல், அப்படி ஒரு வெடிப்பைப் பிடித்துவிட்டது. கெட்டிக்காரக் கருவிதான்!

வருண் பாலேராவும் அவருடைய குழுவினரும் பதிவுகளைப் புரட்டினார்கள். மோதல் நேரத்தில் அந்த வானப்பகுதியில் பாதிதான் கருவிக்குத் தெரிந்தது. அதில் கதிர் எதுவும் இல்லை. ஆனால் மறுநாள், நம் நேரப்படி பிற்பகல் 2 மணி 14 நிமிடத்துக்கு, ஒரு காமாக் கதிர் வெடிப்பு பதிவாகியிருந்தது! சீனாவின் ‘போலார்’ கருவியும் அதைக் கண்டிருந்தது.

அடுத்தது பாட்டியின் வேலை. ஹவாயில் கண்ட ஒளி எந்த வேகத்தில் மங்கியது என்று அளந்து, எப்போது பற்றியிருக்கும் எனப் பின்னோக்கிக் கணக்கிட்டார்கள். முதல் நாள் மாலையோடு அது ஒத்துவரவில்லை. மறுநாள் பிற்பகலோடு ஒத்துவந்தது. இந்த வகை நீண்ட வெடிப்பு பெரும்பாலும் ஒரு பெரிய நட்சத்திரம் சாகும்போது வருவது. அட்லஸ் கண்டது அந்தச் சாவின் தணல். கருந்துளைகளுக்கும் அதற்கும் திசைதான் ஒன்று, உறவு இல்லை.

உறவுள்ள ஜோடியும் அதே ஆண்டு அகப்பட்டது. ஆகஸ்ட் 17இல் அதிர்வு வந்த 1.7 விநாடியில் காமாக் கதிரும் வந்தது. மோதியவை நியூட்ரான் நட்சத்திரங்கள். நம் வீட்டுப் பெண்களின் தாலித் தங்கத்துக்கும் அப்படிப்பட்ட மோதல்களுக்கும் சம்பந்தம் உண்டு. அதை அடுத்த இதழில் சொல்கிறேன்.