அருமை அறிதல்

காரைக்கால் ஒரு கடற்கரை நகரம். அரசலாறு கடலோடு கலக்கும் அந்நகரில் உப்புக்காற்று ஓயாது வீசும். அக்காற்று இரும்புக்குப் பகை. பூசிய வண்ணம் சிறிது பெயர்ந்தாலும் போதும். ஈரமும் உப்பும் அவ்விடத்தில் புகுந்து துருவை வளர்க்கும். ஆதலின் அங்கே பழைய மோட்டார் வண்டி ஒன்றைக் காப்பது எளிய செயல் அன்று. ஓடாத வண்டி சில ஆண்டுகள் கொல்லையில் கிடக்கும். பின்னர்ப் பழைய இரும்புக் கடைக்குப் போய்விடும். அவ்வாறு போகவிடுவது தக்கதா?

'அருமை' என்னும் சொல்லுக்கு இரு பொருள் உண்டு. கிடைத்தற்கு அரியது என்பது ஒன்று. மதிப்பிற்கு உரியது என்பது மற்றொன்று. கிடைத்தற்கு அரியதே மதிப்பிற்கு உரியது எனப் பலர் எண்ணுகின்றனர். அவ்வெண்ணம் பிழை என்பதை இத்தாலி நாட்டு வண்டிகள் இரண்டின் வரலாறு காட்டும்.

1972-ஆம் ஆண்டு இத்தாலியின் இமோலா நகரில் 200 மைல் பந்தயம் ஒன்று நடைபெற்றது. அதில் டுகாட்டி நிறுவனத்தின் மோட்டார் சைக்கிளை ஓட்டிய பால் ஸ்மார்ட் முதலிடம் பெற்றார். அவ்வண்டியை ஒட்டி, 1974-இல் '750 சூப்பர் ஸ்போர்ட்' என்னும் வண்டியை அந்நிறுவனம் செய்தது. செய்தவை 401 மட்டுமே. அதன் எஞ்சினில் வால்வுகளை மூடுவது சுருள்வில் அன்று, நெம்புகோலே. அது பொறியாளர் ஃபாபியோ தாலியோனி அமைத்த நுட்பம். பிறந்த நாளிலேயே அரியதாக இருந்த அவ்வண்டியை அன்பர்கள் போற்றிக் காக்கின்றனர்.

மற்றொன்று லாம்பிரெட்டா ஸ்கூட்டர். 1947-இல் மிலான் நகரில் எளியோர்க்கு உரிய ஊர்தியாக அது தோன்றியது. 1972-இல் நிறுவப்பெற்ற ஸ்கூட்டர்ஸ் இந்தியா நிறுவனம், அவ்வாலையின் இயந்திரங்களை லக்னோவுக்குக் கொண்டுவந்தது. அங்கே உருவான 'விஜய் சூப்பர்' இந்தியத் தெருக்களில் ஓடியது. 1990-களின் இறுதியில் அதன் உற்பத்தி நின்றது. இன்றோ மேலைநாட்டார் லாம்பிரெட்டாவுக்கெனக் கழகங்கள் அமைத்துப் பேணுகின்றனர். இங்கே அது காண்பதற்கும் அரிதாயிற்று. அது அரியதாகப் பிறக்கவில்லை, பேணாமையால் அரியதாயிற்று. நிழலின் அருமை வெயிலில் அன்றோ தெரிகிறது!

பழைய வண்டி புகை கக்கும், எண்ணெயை மிகுதியாகக் குடிக்கும் என்பர் சிலர். அது உண்மையே. நாள்தோறும் அலுவலகம் செல்ல அது வேண்டா. ஆயினும் ஒரு வண்டி அழியும்போது இரும்பு மட்டும் அழிவதில்லை. ஓசையைக் கேட்டே பழுதை அறியும் மெக்கானிக்கின் கூர்மையும், கடையில் கிடைக்காத உறுப்பை லேத்துப் பட்டறையில் கடைந்து பொருத்தும் கைத்திறனும் அதனோடு அழிகின்றன. கற்பதற்கு வண்டி இல்லையேல் கற்பிப்பதற்கு ஆசான் எங்கிருந்து வருவார்?

401 வண்டிகளுள் ஒன்றை விலை கொடுத்து வாங்குதல் செல்வர் சிலர்க்கே இயலும். வீட்டில் உள்ள வண்டியைப் பேணுதல் எவர்க்கும் இயலும். உலர்ந்த துணி, சிறிது எண்ணெய், இடையிடையே எஞ்சினை இயக்கிப் பார்க்கும் பொறுமை ஆகியவை போதும். தாத்தா ஓட்டிய வண்டியின் பெருமை எண்ணிக்கையில் இல்லை. அதனைத் துடைக்கும் பேரனின் கையில் உள்ளது.

கடற்காற்றைத் தடுக்க எவராலும் இயலாது. துருவைத் தடுக்க இயலும்.