வாயைக் கட்டு என்று சொல்வதற்கு முன்

கல்யாண வீடுகளில் நம் ஊர்ப் பெரியவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. பல வருஷம் கழித்துப் பார்க்கும் பெண்ணிடம் படிப்பு, வேலை எதையும் விசாரிக்குமுன், "என்னம்மா இப்படி ஊதிட்டே? கொஞ்சம் வாயைக் கட்டக் கூடாதா?" என்பார்கள். அக்கறையில்தான் கேட்கிறார்கள். ஆனாலும் அந்தக் கேள்வி நியாயமில்லாதது என்பது என் கட்சி.

"தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை" என்கிறோம். மூக்கு, உயரம், வழுக்கை எல்லாம் பரம்பரை என்று ஒப்புக்கொள்கிறோம். பருமன் மட்டும் வாயின் குற்றமாகிவிடுகிறது. பிரெஞ்சு வழியில் படித்த எனக்கு 'எரெதிதே', அதாவது பரம்பரை என்ற பாடம், மெண்டலின் பட்டாணிச் செடியோடு முடிந்துபோனது. மனித உடம்பின் கதையைப் பிற்பாடு படித்துத்தான் தெரிந்துகொண்டேன்.

டென்மார்க்கில் தத்துக் கொடுக்கப்பட்டு வளர்ந்த 540 பேரை ஆராய்ந்து 1986இல் ஒரு கட்டுரை வந்தது. அவர்களுடைய உடல்வாகு பெற்றவர்களை ஒட்டியே இருந்தது; சோறு போட்டு வளர்த்தவர்களை ஒட்டி இல்லை.

1990இல் கியூபெக்கின் லவால் பல்கலைக்கழகத்தில் குளோது பூஷார் என்பவர் இன்னொன்று செய்தார். அச்சு அசலாக ஒன்றுபோல் இருக்கும் இரட்டையர், 12 ஜோடி இளைஞர்கள். 100 நாளில் 84 நாள், தினம் 1,000 கலோரி கூடுதலாகச் சாப்பிட வைத்தார். ஒருவருக்கு 4 கிலோதான் ஏறியது. வேறொருவருக்கு 13 கிலோ. ஆனால் ஒரு ஜோடியின் அண்ணன் தம்பிக்குள் பெரிய வித்தியாசம் இல்லை. எல்லார் பேரிலும் ஒரே தொகையை வரவு வைத்தும் மீதி வேறு வேறாக நிற்கிறது என்றால், பேரேட்டின் அமைப்பே வேறு என்றுதானே அர்த்தம்?

எங்கள் வீட்டிலும் இதுதான். ஒரே சட்டிச் சோற்றில் வளர்ந்தோம். அக்காவுக்கு அப்பாவின் உடம்பு, எனக்கு அம்மாவின் உடம்பு. நான் தின்றதில் பாதிகூட அவள் தின்றதில்லை. நல்ல பெயர் எனக்கு, ஏச்சு அவளுக்கு. கடைசிவரை அவள் பந்தியில் வயிறாரச் சாப்பிட்டு நான் பார்க்கவில்லை.

இளைப்பதிலும் இதே சங்கடம். உடம்பின் கொழுப்பு 'லெப்டின்' என்ற சுரப்பை மூளைக்கு அனுப்புகிறது. இதைக் கண்டுபிடித்தது 1994இல். கொழுப்பு கரைந்தால் லெப்டின் குறையும். பஞ்சம் வந்துவிட்டது என்று மூளை நினைத்துப் பசியைக் கூட்டும், செலவைக் குறைக்கும். கஷ்டப்பட்டு இறக்கிய எடை திரும்பி ஏறுவது இதனால்தான். மனவுறுதி இல்லாததால் என்று சொல்லிவிட முடியாது.

"எங்கள் தாத்தா காலத்தில் இத்தனை பருமன் இல்லையே, மரபணு அதற்குள் மாறிவிட்டதா?" என்று நண்பர்கள் மடக்குகிறார்கள். மாறவில்லை. அம்மி போய் மிக்ஸி வந்தது, சைக்கிள் போய் ஸ்கூட்டர் வந்தது, பலகாரம் வாசலுக்கே வருகிறது. விதை பழையது, மழைதான் புதிது. எல்லா விதையும் ஒரே மாதிரி முளைப்பதில்லை.

அதற்காகத் தலையெழுத்து என்று உட்கார்ந்துவிடச் சொல்லவில்லை. தினசரி நடை, எடை இறங்காவிட்டாலும், சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் நல்லது. ஒல்லியானவர்களும் மார்தட்ட வேண்டாம். கொழுப்பு எங்கே சேர்கிறது என்பதே முக்கியம் என்று மர்செய் நகர டாக்டர் ழான் வாக் 1947இலேயே எழுதினார். நம்மவர்களில் ஆணுக்கு இடுப்பளவு 90 செ.மீ., பெண்ணுக்கு 80 செ.மீ. தாண்டினால் கவனம் தேவை என்கிறார்கள்.

நம் வயதில் நாம் செய்யக்கூடியது ஒன்று உண்டு. வீட்டில் இரண்டு பேரப்பிள்ளைகள் இருந்தால், ஒல்லிப் பேரன் தட்டில் இன்னொரு வடையும், பருமனான பேத்தி தட்டில் அறிவுரையும் விழ வேண்டாம். சமையல் இருவருக்கும் ஒன்றாக இருக்கட்டும். சாயங்காலம் இருவரையும் கூட்டிக்கொண்டு நடந்துவிட்டு வாருங்கள்.